ஷூவுக்குள் ஒரு சிப்பி

வேலூர்க்காரனுக்கும் தண்ணீருக்கும் பெரிய பழக்கமில்லை. பாலாறு என்று ஒன்று இருக்கிறது. அதில் நாங்கள் கிரிக்கெட் ஆடி வளர்ந்தோம். கோட்டை அகழியில் தண்ணீர் உண்டு, ஆனால் அதில் கால் நனைக்க நான் ஆசைப்பட்டதில்லை. அப்படிப்பட்டவனிடம் வந்து, ஐப்பசி அடைமழையில் மாமல்லபுரம் போகலாமா என்று கேட்டால், புத்தியுள்ளவன் என்ன சொல்வான்? நான் "எத்தனை மணிக்கு?" என்றேன்.

கேட்டவர் எங்கள் கட்டிங் மாஸ்டர். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் 26 வருஷமாக ஒன்றாகக் குப்பை கொட்டுகிறோம். அவர் தோலை வெட்டுவார், நான் குவாலிட்டி செக்கிங்கில் உட்கார்ந்து குறை சொல்வேன். "இப்ப ஆஃப் சீசன் சார். கூட்டமே இருக்காது, ரூமெல்லாம் பாதி விலை" என்றார். காலையில் போய் ராத்திரி திரும்புகிறவனுக்கு ரூம் பாதி விலையானால் என்ன, இனாமாகக் கொடுத்தால்தான் என்ன என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

வீட்டில் ஒரு சிக்கல். கடல் காட்டுகிறேன் என்று என் வீட்டம்மாவுக்குச் சொல்லியும் அதே 26 வருஷம் ஆகிறது. ஆகவே திருக்கழுக்குன்றம் போகிறோம் என்று சொன்னேன். செங்கல்பட்டு தாண்டி மாமல்லபுரம் போகிற வழியில்தான் அந்த ஊர் இருக்கிறது என்பதால், பொய்யில் கால் பங்கு உண்மை. "மலைக்கோவிலுக்கு எதுக்கு ஷூ?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லாமல் லேஸ் கட்டினேன்.

அந்த ஷூவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐரோப்பாவுக்குப் போக வேண்டிய சரக்கு. மேலே ஃபுல் கிரெய்ன், அடியிலும் தோல் சோல். இடது காலில் ஒரு தையல் நூலிழை விலகியதால் நானே ரிஜெக்ட் செய்து, நானே பாதி விலைக்கு வாங்கியது. இதுவரை வீட்டுக்கு நான் கொண்டுவந்த ரிஜெக்ட் சரக்கில், ஒரே ஜோடியில் பிறந்த இரண்டு ஷூ இவை மட்டுந்தான்.

கார் எங்கள் நண்பர் பாயுடையது. டிக்கியில் பிரியாணி டேக்ஸா ஏறியதும் எங்களுக்குள் தகராறு. கடற்கரைக்குப் போய் மீன் தின்னாமல் ஆம்பூர் பிரியாணியா? பாய் பேசவே இல்லை. எண்ணெய்க் கத்திரிக்காய் தூக்கையும் பக்கத்தில் வைத்து டிக்கியை மூடினார். 140 கிலோமீட்டர் சொச்சமும் மழை. திருக்கழுக்குன்றத்தில் 500 படிக்கு மேல் ஏற வேண்டும் என்பதால் கார் கண்ணாடியைத் துடைத்துவிட்டு அங்கிருந்தே கும்பிட்டேன். ஒரு காலத்தில் மத்தியானமானால் தவறாமல் வந்து பிரசாதம் தின்றுபோன கழுகுகளே வருவதை நிறுத்திவிட்ட ஊரில், என்னை யார் தேடப் போகிறார்கள்?

மாமல்லபுரத்தில் முதலில் அர்ச்சுனன் தபசு. சிற்பத்தில் ஒரு பூனை ஒற்றைக்காலில், கைகளைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்கிறது. எலிகள் அதை நம்பிப் பக்கத்தில் நிற்கின்றன. மழையில் நனைந்த அந்தப் பூனை என்னையே பார்ப்பது போலிருந்தது. அந்த ஜாதிக்கு அந்த ஜாதி அடையாளம் தெரியும்.

அடுத்தது வெண்ணெய் உருண்டைப் பாறை. சரிவில் உருள்வதற்குத் தயாராக நிற்கும் 250 டன் கல். 1908-ல் கவர்னர் லாலி ஏழு யானைகளைக் கட்டி இழுத்தும் அது அசையவில்லை என்பார்கள். அதைத் தோளால் தாங்குவது போல் எல்லாரும் படம் எடுத்துக்கொள்கிறார்களே, நானும் ஏறினேன். ஈரப் பாறையில் தோல் சோல் எப்படி நடந்துகொள்ளும் என்பது குவாலிட்டி செக்கிங்கில் 26 வருஷம் உட்கார்ந்தவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கல் அப்படியே நின்றது. நான் உட்கார்ந்தபடியே கீழே வந்து சேர்ந்தேன். சறுக்கி விளையாடிக்கொண்டிருந்த ஒரு பையன், "அங்கிள், மறுபடி போலாமா?" என்றான்.

கடற்கரைக் கோவில் பக்கம் ஈ காக்கை இல்லை. கடல் சேற்று நிறத்தில் எம்பிக் குதித்துக்கொண்டிருந்தது. மற்றவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். "ஷூவைக் கழட்டுங்க சார், உப்புத் தண்ணி" என்றார் பாய். அங்கேதான் நான் வாயைத் திறந்தேன். "உப்பைப் பத்தி எனக்கே சொல்றீங்களா பாய்? பச்சைத் தோலை உரிச்சதும் முதல்ல என்ன போடறோம்? உப்பு. அது தண்ணியை இழுத்துடும், தோல் அழுகாது. அப்புறம் ஊறவெச்சு அலசி, சுண்ணாம்பு போட்டு, குரோம் ஏத்தி..." வெட் ப்ளூ வரை வந்திருப்பேன், அதற்குள் அலை வந்துவிட்டது. முழங்கால் வரை வந்தது. போகும்போது காலடி மணலையும் உருவிக்கொண்டு போனது. எங்கிருந்தோ ஒரு விசில். "ஷூ போட்ட பெரியவரே, பின்னாடி வாங்க!" எனக்கு 52 வயசுதான்.

ஷூ ஒவ்வொன்றும் படி அரிசி கனம் கனத்தது. நடந்தால் தவளை மாதிரி சத்தம். ஒரே ஒரு கடை திறந்திருந்தது. சங்கு, பாசிமணி, ரப்பர் செருப்பு. கடைக்கார அம்மா 200 என்றார். அடிப்பக்கத்தை வளைத்துப் பார்த்தேன், விளிம்பைத் தடவினேன், ஒட்டல் சரியில்லை என்றேன்.

"சார் எங்க வேலை பார்க்கறீங்க?"

பாய் முந்திக்கொண்டார். "ஷூ கம்பெனியிலம்மா. ஆம்பூர். எக்ஸ்போர்ட்."

அந்த அம்மா என் காலையும், கையில் சொட்டிக்கொண்டிருந்த எக்ஸ்போர்ட்டையும் பார்த்தார். "பாவம், 150 குடுங்க" என்றார்.

மீன் கிடைக்கவில்லை. கடல் இப்படி இருந்தால் படகு எப்படி இறங்கும்? கார் கண்ணாடியை ஏற்றிவிட்டு எல்லாரும் பிரியாணி தின்றோம். பாய் அப்போதும் பேசவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

மறுநாள் மழை விட்டு, எங்கள் ஊர் வெயில் திரும்பிவிட்டது. மாடியில் காய்ந்த ஷூவில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. வீட்டம்மா ஒன்றைக் கவிழ்த்துத் தட்டினாள். ஒரு பிடி மணலும் அதன் பின்னால் ஒரு சிப்பியும் விழுந்தன.

"திருக்கழுக்குன்றத்துல மலை மேல கடல் வந்துடுச்சா?"

அங்கே சங்கு தீர்த்தம் என்று ஒரு குளம் இருக்கிறது, அதில் 12 வருஷத்துக்கு ஒருமுறை சங்கு பிறக்கும் என்று ஆரம்பித்தேன். அவள் கேட்கவில்லை. வாசலில் கிடந்த ரப்பர் செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு இரண்டடி நடந்து பார்த்தாள்.

"சரியாத்தான் இருக்கு. இது என்கிட்டயே இருக்கட்டும். வர்ற ஞாயித்துக்கிழமை மகாபலிபுரம் போறப்ப போட்டுக்கறேன்" என்றாள். "பாய்கிட்ட கார் கேட்டாச்சு."