மூன்று, இரண்டு, ஒன்று, பூஜ்யம்

அனுப்புநர்:
சான்டா க்ரூஸ் கிளப்பின் ரசிகன்,
அர்ருடா, ரெசிஃபே,
பெர்னம்புகோ மாநிலம்.

பெறுநர்:
தலைவர் அவர்கள் (இக்கடிதம் வந்து சேரும் நாளில் யார் அந்த நாற்காலியில் இருக்கிறாரோ அவர்),
பிரேசில் கால்பந்துக் கூட்டமைப்பு,
ரியோ டி ஜெனீரோ.

பொருள்: கிளப்புகள், நட்சத்திரங்கள், ஓட்டுகள் குறித்துப் பணிவான விண்ணப்பம்.

ஐயா,

உறையின் மேல் பெயர் எழுதாததைப் பொறுத்தருள வேண்டும். மரியாதைக் குறைவல்ல, முன்னெச்சரிக்கை. உங்கள் நாற்காலியின் ராசி அப்படி. முன்னாள் ஃபிஃபா தலைவர் ஹவெலாஞ்சின் மருமகனாக இருந்த ரிகார்டோ டெய்ஷெய்ரா 1989இல் அதில் உட்கார்ந்தவர், 2012 வரை எழுந்திருக்கவில்லை. அடுத்து ஜோசே மரியா மரின். தலைவராவதற்குச் சில வாரங்கள் முன்பு, இளைஞர் கோப்பைப் பரிசளிப்பில் ஒரு பதக்கத்தைச் சத்தமில்லாமல் பைக்குள் போட்டதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. அது தனக்குத் தந்த அன்பளிப்பு என்றார். நீங்களும் உங்கள் பங்குக்குத் தலைமையகக் கட்டடத்துக்கே அவர் பெயரைச் சூட்டினீர்கள். 2015 மே மாதம் சூரிச்சில் அவர் கைதானார். மறுநாளே சுவரிலிருந்து பெயரைக் கழற்றிவிட்டீர்கள். உங்கள் அலுவலகத்தில் இத்தனை வேகமாக வேறொரு வேலை நடந்ததாக எனக்கு நினைவில்லை. அவருக்குப் பின் வந்த டெல் நேரோ, சூரிச்சிலிருந்து அவசரமாக ஊர் திரும்பியவர், அதன் பிறகு தேசிய அணி எந்த நாட்டுக்குப் போனாலும் கூடப் போகாமல் வீட்டிலிருந்தபடியே அணியை நேசித்தார். 2018இல் ஃபிஃபா அவருக்கு ஆயுள் தடை விதித்தது. பின்னர் தலைவரான கபோக்லோ, ஊழியர் ஒருவரின் பாலியல் தொல்லைப் புகாரால் 2021இல் இடைநீக்கம். எட்னால்டோ ரோட்ரிகெஸை 2023 டிசம்பரில் ஒரு நீதிமன்றம் இறக்கியது, 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஏற்றியது, 2025 மே மாதம் மறுபடி இறக்கினார்கள். பயிற்சியாளர்களைத் துரத்துவதில் எங்கள் கிளப்புகள்தான் அவசரக்காரர்கள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

என்னை உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. என் கிளப்பைத் தெரியும், ஆனால் மறந்திருப்பீர்கள். கறுப்பு, சிவப்பு, வெள்ளைச் சட்டை. சின்னம் பவளப்பாம்பு. மைதானம் அர்ருடா, சுமார் 60,000 பேர் கொள்ளும். 1993 ஜூலையில் நீங்கள் லா பாஸில் பொலிவியாவிடம் 2-0 என்று தோற்றீர்களே, அப்போது எங்களை நினைத்துக்கொண்டீர்கள். உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் பிரேசில் தோற்றது அதுவே முதல் தடவை. சாவோ பாலோவில் சொந்த ரசிகர்களே அணியைப் பார்த்து ஊளையிட்டார்கள். ஆகஸ்ட் 29 அன்று அதே பொலிவியாவைச் சந்திக்க அர்ருடாவுக்கு வந்தீர்கள். ஆட்டக்காரர்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி வரிசையாக உள்ளே நடந்து வந்தார்கள். நாங்கள் தொண்டை கிழியக் கத்தினோம். 6-0. அந்தக் கைகோத்த நடை ராசியாகி, மறு வருடம் அமெரிக்கா வரைக்கும் போய், 24 ஆண்டுகளாக வராத கோப்பையைக் கொண்டுவந்தது. கோப்பையோடு வந்த விமானம் முதலில் ரெசிஃபேயில்தான் இறங்கியது.

அது ஆட்டக்காரர்கள் காட்டிய நன்றி. கூட்டமைப்பின் குணத்தை ரியோ விமான நிலையத்தில் பார்த்தோம். போகும்போது இருந்ததைவிடப் பல டன் கூடுதலாகச் சாமான் வந்திருந்தது. சுங்க அதிகாரிகள் பிரித்துக் காட்டச் சொன்னார்கள். டெய்ஷெய்ரா முடியாது என்றார். மேலிடத்திலிருந்து பேச்சு வந்தது, பெட்டிகள் வரி கட்டாமல் வெளியே போயின, வருவாய்த் துறைத் தலைவர் பதவி விலகினார். டெய்ஷெய்ராவின் மதுக்கூடத்துக்கான பீர் இயந்திரமும் அந்த விமானத்தில் வந்ததாகப் பத்திரிகைகள் எழுதின. உலகக் கோப்பையை வென்ற அணியில் அதுவும் மாற்று ஆட்டக்காரராக இருந்திருக்கலாம்.

இனி என் கிளப். 2006இல் முதல் பிரிவிலிருந்து விழுந்தது. 2007இல் இரண்டாவதிலிருந்து. 2008இல் மூன்றாவதிலிருந்து. அதற்குக் கீழே விழ இடமில்லையே என்று யோசிப்பதற்குள் 2009இல் நான்காம் பிரிவு என்று ஒன்றைத் தோண்டி வைத்தீர்கள். 2011இல் அந்தக் குழிக்குள் கிடந்தபோதுகூட, அர்ருடாவுக்கு வந்த சராசரிக் கூட்டம் முதல் பிரிவின் எந்தக் கிளப்புக்கு வந்ததைவிடவும் அதிகம். பிறகு ஏறினோம். 2016இல் முதல் பிரிவில் ஆடினோம், வடகிழக்குக் கோப்பையையும் வென்றோம். மறுபடி சரிவு. 2024இல் எங்களுக்கு எந்தப் பிரிவிலும் இடமில்லை. நான்காம் பிரிவுக்குள் நுழைய மாநிலப் போட்டிதான் வழி. அங்கே வழுக்கினால் அடுத்த வருடம் தேசிய அட்டவணையில் கிளப்பே கிடையாது. அப்போது நான்கு பிரிவிலும் சேர்த்து 124 கிளப்புகள். அந்த 124க்குள் நாங்கள் இல்லை.

தோற்றது நாங்கள்தான், மறுக்கவில்லை. கிளப்பை நடத்தியவர்களின் கைங்கரியமும் அதில் நிறைய உண்டு. ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். மாநிலப் போட்டி முடிந்ததும் கதவைப் பூட்டிவிட்டு மறு வருடம் வரை காத்திருக்கும் கிளப்புகள் இந்த நாட்டில் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ஃப்ளமெங்கோ, பால்மெய்ராஸ் போன்றவையோ ஒரு வருடத்தில் எழுபது ஆட்டத்துக்கு மேலும் ஆடி, வருட முடிவில் நொண்டிக்கொண்டு நிற்கின்றன. ஒரு பந்தியில் அஜீரணம், பக்கத்துப் பந்தியில் பட்டினி. பரிமாறுகிறவர் ஒரே ஆள். 2024இல் கோபா அமெரிக்கா நடந்தபோது லீகை நிறுத்தி வைக்கக்கூட உங்களுக்கு மனமில்லை. ஃப்ளமெங்கோவின் ஐந்து பேர் தங்கள் தங்கள் நாட்டு அணிகளுக்குப் போய்விட, மீதமிருந்தவர்களைக் கொண்டு அந்தக் கிளப் ஒப்பேற்றியது. நான் ஃப்ளமெங்கோவுக்காகப் பரிதாபப்படும் நிலைக்கு என்னைத் தள்ளிய ஒரே அமைப்பு உங்களுடையதுதான்.

இதையெல்லாம் ஓட்டுப் போட்டு மாற்றலாமே என்பீர்கள். உங்கள் தேர்தல் விதியைப் படித்துப் பார்த்தேன். மாநிலச் சங்கங்கள் 27. ஒவ்வொன்றின் ஓட்டுக்கும் மதிப்பு மூன்று. முதல் பிரிவுக் கிளப்புகள் 20. ஓட்டுக்கு மதிப்பு இரண்டு. இரண்டாம் பிரிவு 20, மதிப்பு ஒன்று. நாட்டின் பெரிய கிளப்புகள் நாற்பதும் சண்டையை மறந்து ஒரே பக்கம் நின்றாலும் 60. மாநிலச் சங்கங்கள் 81. மூன்றாம், நான்காம் பிரிவுகளுக்குப் பூஜ்யம். ரசிகனுக்கு அந்தப் பூஜ்யத்தில் ஒரு பங்கு.

2002 இறுதியாட்டத்தில் ஜெர்மனிக்கு இரண்டு கோல் போட்ட ரொனால்டோ தலைவர் பதவிக்கு நிற்க ஆசைப்பட்டார். 27 சங்கங்களில் 23 அவரைச் சந்திக்கவே மறுத்தன. 2025 மார்ச்சில் விலகிக்கொண்டார். ஜெர்மனியின் கோல்கீப்பர் ஆலிவர் கானைத் தாண்டியவருக்கு மாநிலச் சங்கச் செயலாளரின் அறைக் கதவைத் தாண்ட முடியவில்லை. மார்ச் 24 அன்று எட்னால்டோ எதிர்ப்பே இல்லாமல், ஏகமனதாக மறுபடி தேர்வானார். மார்ச் 25 அன்று புவனோஸ் ஐரிஸில் அர்ஜென்டினா 4, பிரேசில் 1. ஏகமனதாக வர மறுத்த ஒரே ஓட்டு அர்ஜென்டினாவுடையது. இரண்டு மாதத்தில் அவரும் போய், ரோரைமா மாநிலத்திலிருந்து சமீர் ஷாவுட் ஒற்றை வேட்பாளராக வந்தார். பல பெரிய கிளப்புகள் வாக்களிக்க வரவேயில்லை. அவருடைய தந்தை பல பத்தாண்டுகள் அந்த மாநிலச் சங்கத்தை ஆண்டவர். ரோரைமாவில் அப்போது மேல் மூன்று பிரிவுகளில் ஆடும் கிளப் ஒன்றுகூட இல்லை. ஆனால் ஓட்டுக்கு மதிப்பு மூன்று.

நட்சத்திரங்கள் விஷயத்தில் எனக்கென்று சில கருத்துகள் உண்டு. யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். அந்த 2002 இறுதியாட்டத்தின் இரண்டு கோலும் ரொனால்டோ பெயரில் இருக்கின்றன. முதல் கோலுக்கு முன் கானின் கையிலிருந்து நழுவியது ரிவால்டோ அடித்த பந்து. இரண்டாவதில், தன்னிடம் வந்த பந்தை ஆடுவதுபோல் ஆடாமல் விட்டு ரொனால்டோவுக்கு வழி திறந்ததும் ரிவால்டோ. ரெசிஃபேக்குப் பக்கத்து ஊரான பாவுலிஸ்டாவில் ஏழ்மையில் வளர்ந்து, சான்டா க்ரூஸில் தொடங்கி, தெற்கே மோஜி மிரிமுக்குப் போன எங்கள் பையன். 1999இல் தங்கப் பந்து வாங்கியவன். துருக்கிக்கு எதிரான ஆட்டத்தில் காலில் பட்ட பந்துக்கு முகத்தைப் பொத்திக்கொண்டு விழுந்தானே, அதையும் நான் மறைக்கவில்லை. ஃபிஃபா அபராதம் போட்டது. நடிப்பு மோசம்தான், ஆனாலும் எங்கள் ஊர் நடிப்பு.

இன்றைய பையன்களைப் பற்றிக் கருத்து வைத்துக்கொள்ளக்கூட நேரம் கிடைப்பதில்லை. 18 வயதுக்குள் வெளிநாட்டுக்கு மாற்றக் கூடாது என்கிறது ஃபிஃபா விதி. ஆகவே 16இல் விலை பேசி, 18இல் அனுப்பி வைக்கிறார்கள். வினிசியஸ் ஃப்ளமெங்கோவிலிருந்து அப்படித்தான் 45 மில்லியன் யூரோவுக்குப் போனான். பால்மெய்ராஸின் எண்ட்ரிக்கும் அப்படியே. 2025 ஜூலையில் கிளப் உலகக் கோப்பைக் காலிறுதியில் பால்மெய்ராஸின் எஸ்தேவாவ் செல்சிக்கு ஒரு கோல் போட்டான். அடுத்து அவன் போய்ச் சேரவேண்டிய கிளப்பும் அதே செல்சிதான். நான்கு நாள் கழித்து அரையிறுதியில் ஃப்ளுமினென்ஸை வீட்டுக்கு அனுப்பிய இரண்டு கோலையும் போட்டவன் செல்சியின் ஜோவாவ் பெட்ரோ, ஃப்ளுமினென்ஸே வளர்த்த பிள்ளை. கோல் போட்டுவிட்டுக் கொண்டாடாமல் கையை உயர்த்தி மன்னிப்புக் கேட்டான். அதே போட்டியில்தான் போட்டாஃபோகோ பாரிஸ் அணியைச் சாய்த்தது, ஃப்ளமெங்கோ செல்சியை 3-1 என்று உருட்டியது. நம் கிளப்புகளை வெல்லவே ஐரோப்பாவுக்கு நம் பையன்கள் தேவைப்படுகிறார்கள். 2022 உலகக் கோப்பைக்குப் போன 26 பேரில் பிரேசில் கிளப்புகளில் ஆடியவர்கள் மூன்றே மூன்று பேர். நட்பாட்டங்களையும் வருடக்கணக்கில் லண்டன் எமிரேட்ஸ் மைதானத்தில் நடத்திப் பழக்கினீர்கள். மஞ்சள் சட்டையைக் கண்ணால் பார்க்க ரெசிஃபேக்காரன் விசா எடுக்க வேண்டியிருந்தது.

நெய்மார் விஷயத்தில் நாட்டில் இரண்டு கட்சிகள். நான் இரண்டிலும் உறுப்பினன். 222 மில்லியன் யூரோவுக்குப் பாரிஸ் போனவர்மேல் எனக்கு ஒட்டுதல் வரவில்லை. 2022 உலகக் கோப்பையில் குரோஷியாவுக்கு எதிராக ஐந்தாவது பெனால்டிக்காக அவரைப் பத்திரப்படுத்தி வைத்தீர்கள், நான்கிலேயே கதை முடிந்தது. (அதற்கு முன்பு தோஹா செய்தியாளர் சந்திப்பில் மேசைமேல் ஏறிய பூனையை உங்கள் அலுவலர் பிடரியைப் பிடித்துக் கீழே போட்டார். தோல்விக்கு அந்தப் பூனைதான் காரணம் என்பவர்களோடு நான் வாதாடுவதில்லை.) ஆனால் 2025இல் சான்டோஸுக்குத் திரும்பி, வாஸ்கோவிடம் 6-0 என்று தோற்றுவிட்டு மைதானத்திலேயே அழுதாரே, அன்று மனம் மாறியது. டிசம்பரில் காயம்பட்ட முழங்காலோடு இறங்கி, ஜுவென்டுடேக்கு எதிராக மூன்று கோல் போட்டுக் கிளப் கீழே போகாமல் காப்பாற்றினார். தங்கப் பந்து வாங்காததைச் சொல்லி அவரைக் கேலி செய்கிறார்கள். கீழ்ப்பிரிவு பயத்தில் அழுதவனை நான் கேலி செய்ய மாட்டேன்.

உங்கள் கணக்கு வழக்கு தனி அழகு. ஃபிஃபா கணக்கில் பெலே தேசிய அணிக்காகப் போட்ட கோல் 77. உங்கள் கணக்கில் 95. 2010இல் பழைய கோப்பைகளையெல்லாம் தேசியப் பட்டங்களாக அறிவித்ததில், 1967ஆம் ஆண்டில் மட்டும் பால்மெய்ராஸ் இரண்டு தடவை சாம்பியன். 1987இல் லீக் நடத்தப் பணமில்லை என்று கை விரித்தீர்கள். பெரிய கிளப்புகள் தாங்களே ஒரு போட்டியைத் தொடங்கின. பிறகு நீங்கள் இன்னொரு பாதியை ஒட்டவைத்து, இரண்டு பக்கமும் மோத வேண்டும் என்றீர்கள். ஃப்ளமெங்கோவும் இன்டர்நேசியோனலும் வரவில்லை. எங்கள் ஊர்ப் பரம எதிரியான ஸ்போர்ட், குவாரானியை வென்று சாம்பியன் ஆனது. 2011இல் ஃப்ளமெங்கோவும் சாம்பியன்தான் என்று தாராளம் காட்டினீர்கள். ஸ்போர்ட் மட்டுமே என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொல்லும்படி ஆயிற்று. ஒரு கால்பந்துப் போட்டியின் முடிவு தெரிய முப்பது வருடம். 1970இல் நிரந்தரமாக நமக்கே கிடைத்த ஜூல் ரிமே கோப்பையையும் எண்ணிக்கையில் சேர்க்கலாம் என்றால், அது 1983 டிசம்பரில் உங்கள் அலுவலகத்திலிருந்தே களவு போய்விட்டது. முன்பக்கம் குண்டு துளைக்காத கண்ணாடி, பின்பக்கம் மரப்பலகை. திருடர்கள் பின்பக்கத்தைப் பெயர்த்தார்கள்.

விண்ணப்பத்துக்கு வருகிறேன். எங்கள் பூஜ்யத்தை ஒன்றாக்குங்கள் என்று கேட்கப் போவதில்லை. அந்த 81 ஓட்டுகளின் மனம் புண்படும். 2025 செப்டம்பரில் எல் ஆல்ட்டோவில் மறுபடி பொலிவியாவிடம் தோற்றிருக்கிறீர்கள். ஆகவே கூடிய சீக்கிரம் ரெசிஃபேயின் அன்பு தேவைப்படலாம். தாராளமாக வாருங்கள். நாங்கள் அதே வருடம் நான்காம் பிரிவிலிருந்து மூன்றாவதுக்கு ஏறிவிட்டோம், தொண்டையும் பழுதில்லை. கட்டணம் மட்டும் முன்கூட்டியே: எந்தப் பிரிவில் கிடந்தாலும், எந்த ஊர்க் கிளப்பானாலும், பிப்ரவரியிலிருந்து நவம்பர் வரை ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் இருக்கும்படி ஓர் அட்டவணை. பணமாகத் தர வேண்டாம். உங்கள் கை வழியாக வரும் பணத்துக்குச் சுங்கத்தில் யார் பதில் சொல்வது?

இப்படிக்கு,
ஓட்டு மதிப்பு: பூஜ்யம்.

பின்குறிப்பு: 1987 பட்டம் ஸ்போர்ட்டுக்குத்தான் என்று நான் என் கைப்பட எழுதியிருப்பதைத் தயவுசெய்து ரெசிஃபேயில் யாருக்கும் காட்டிவிடாதீர்கள். ஸ்போர்ட் 2025இல் முதல் பிரிவில் கடைசி இடம் பிடித்ததை நாங்கள் இன்னும் முழுதாகக் கொண்டாடி முடிக்கவில்லை.