தள்ளிவிட்டால் ஓடும்

பழைய கார் வைத்திருப்பவன் தொண்டு செய்கிறேன் என்று வெளிநாட்டுக்குக் கிளம்பக்கூடாது. வயதான அம்மா அப்பாவைப் பார்த்துக்கொள்ளக் கோவையில் ஹோம் நர்ஸ் கிடைக்கிறார்கள். ஸ்டாண்டர்டு ஹெரால்டைப் பார்த்துக்கொள்ள யார் வருவார்கள்?

என் வீட்டு போர்ட்டிகோவில் இரண்டு வண்டிகள். ஒன்று 1969 மாடல் ஹெரால்டு. இங்கிலாந்தில் இரண்டு கதவோடு ஓடிய காருக்கு, நம் ஆட்கள் குடும்பத்தோடு ஏறி இறங்க வேண்டுமே என்று இங்கேதான் நான்கு கதவு வைத்தார்கள். பானெட்டைத் தூக்கினால் மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து முன்பாதி முழுக்க எழுந்துகொள்ளும். மற்றது 1982 பிரீமியர் பத்மினி, ஸ்டியரிங்கில் கியர். ஞாயிறு தோறும் இரண்டையும் துடைத்து, ஸ்டார்ட் செய்து, சத்தம் கேட்டு, அணைத்து, உறை போட்டு மூடுவேன். காய்கறி வாங்க நாங்கள் போவது ஸ்கூட்டியில். இதில் ஏதும் முரண் இருப்பதாக எனக்குத் தோன்றியதே இல்லை. வீட்டுக்காரம்மாவுக்குத் தோன்றியிருக்கிறது. கல்யாணமான புதிதில் அவருக்கு பத்மினியை ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் நான்தான். அதன்பிறகு சாவியைக் கொடுத்ததில்லை.

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், மடகாஸ்கரில் பெண்கள் சேமிப்புக் குழுக்களுக்குக் கணக்கு எழுதச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும் என்று ஒரு தொண்டு நிறுவனம் கேட்டது. வீட்டில் சொன்னேன். "தாராளமா போயிட்டு வாங்க" என்று பதில் வந்த வேகம் எனக்குப் பிடிக்கவில்லை. வண்டிகளை எப்படிப் பராமரிப்பது என்று ஒரு நோட்டு எழுதி நீட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, நீங்க டைஃபாய்டுல கிடந்தப்பகூட டாக்டர் இவ்வளவு எழுதலீங்க" என்றார்.

தலைநகர் அந்தனானரிவோவில் விமான நிலையத்தை விட்டு வெளியே வந்தேன். எதிரே ஒரு ரெனோ 4 நிற்கிறது! பக்கத்தில் ஒரு சிட்ரோயன் 2சிவி. அதற்குப் பக்கத்தில் இன்னொரு ரெனோ. எல்லாம் பாலாடை நிறத்தில், தலையில் டாக்ஸி என்ற பலகையோடு. 1960 வரை பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட நாடு. அவர்கள் ஊர்க் கார்கள் அவர்கள் போன பிறகும் வந்து இறங்கி, திரும்பிப் போகாமல் தங்கிவிட்டன. ஐரோப்பாவில் இந்த வண்டிகளைக் கண்காட்சியில் கயிறு கட்டி நிறுத்துகிறார்கள். இங்கே கையைத் தட்டினால் வருகிறது.

நான் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு ரெனோவைச் சுற்றி வந்தேன். குனிந்து சைலன்சரைப் பார்த்தேன். கதவை இருமுறை திறந்து மூடினேன். ஓட்டுநர் நான் குறை கண்டுபிடிக்கிறேன் என்று நினைத்துக் கூலியைக் குறைத்தார். நான் இன்னொரு சுற்று வந்தேன். மேலும் குறைத்தார். பேரம் பேச எனக்குத் தெரியாது என்று வீட்டில் நிரந்தரமாக ஒரு குற்றச்சாட்டு உண்டு. ஒரு வார்த்தை பேசாமல் பேரம் படிந்ததைப் பார்க்க வீட்டுக்காரம்மா அங்கே இல்லை.

ஏறி உட்கார்ந்ததும் ஓட்டுநர் பாதிக் கூலியை முன்பணமாகக் கேட்டார். வாங்கிக்கொண்டு நேரே பெட்ரோல் பங்க். டாங்கிக்குப் போடவில்லை. காலடியில் கிடந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து நிரப்பினார். அதிலிருந்து ஒரு ரப்பர் குழாய் எஞ்சினுக்குப் போகிறது. டாங்கி எங்கே என்று சைகையில் கேட்டேன். பாட்டிலைத் தட்டிக் காட்டினார். மைலேஜ் கணக்கிட இதைவிடத் துல்லியமான கருவி நான் பார்த்ததில்லை. ஆனால் அது என் வலது காலுக்கு அரை அடி தூரத்தில் குலுங்கிக்கொண்டே வந்தது.

ஊர் 1,200 மீட்டருக்கு மேல் உயரத்தில், மேடும் பள்ளமுமாக இருக்கிறது. கல் பாவிய தெருக்கள். ஏற்றம் முடிந்ததும் ஓட்டுநர் எஞ்சினை அணைத்துவிடுவார். வண்டி சத்தமில்லாமல் இறங்கும். பள்ளத்தில் கிளட்சை விட்டால் மறுபடி உயிர் வரும். வராவிட்டால் தள்ள வேண்டும். தள்ளியதற்காகக் கூலியில் எதுவும் கழிப்பதில்லை. முதல்முறை இறங்கித் தள்ளியபோது எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். ஊரைவிட்டு வந்து முதன்முதலாகப் பழகிய வேலை ஒன்று கிடைத்திருக்கிறது.

கூலி கொடுக்கும்போதுதான் வங்கிக்காரனுக்குச் சோதனை. அந்த நாட்டுப் பணம் அரியாரி. ஓர் அரியாரிக்கு ஐந்து இராயிம்பிலாஞ்சா. பத்தின் கணக்கில் பிரிக்கப்படாத பணம் உலகில் இங்கேயும் மொரிட்டானியாவிலும்தான் இருக்கிறது. பழைய பிராங்கை எடுத்துவிட்டு 2005-இல் அரியாரிக்கு மாறினார்கள். வயதானவர்கள் வாயில் இன்னும் பிராங்குதான், அதாவது ஐந்து மடங்கு. ஓட்டுநர் சொன்ன தொகையைக் கேட்டு, வண்டியையே விலை பேசுகிறார் என்று ஒரு நிமிடம் ஆசைப்பட்டுவிட்டேன்.

மனம் நொந்த விஷயத்தையும் சொல்லவேண்டும். ஹெரால்டின் பின்விளக்குக் கண்ணாடி ஒன்று உடைந்ததற்கு உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் ஆரம்பித்து சென்னை புதுப்பேட்டை வரை சல்லடை போட்டுத் தேடி, அதே கம்பெனிக் கண்ணாடியை வாங்கிப் பொருத்தியவன் நான். இங்கே ஒரு 2சிவிக்குப் பைக் கண்ணாடி, ஜன்னல் ஏற்றும் கைப்பிடி ஒன்றே ஒன்று இருக்கும் இன்னொரு டாக்ஸி. வேண்டுமென்றால் ஓட்டுநரிடம் கேட்டு வாங்கி, ஏற்றிவிட்டுத் திருப்பித் தரவேண்டும். இந்த கார்புரேட்டர் எந்த வண்டியுடையது என்று ஒருவரைக் கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்தார், பாவம்.

ரெனோ 4-க்கு ஒரு விசேஷம் உண்டு. பின்சக்கரங்களைத் தாங்கும் முறுக்குக் கம்பிகள் இரண்டும் குறுக்காக, ஒன்றன்பின் ஒன்றாக வைக்கப்பட்டிருப்பதால், முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் உள்ள தூரம் ஒரு பக்கத்தைவிட மறுபக்கம் 48 மி.மீ. கூடுதல். தொழிற்சாலையிலேயே அப்படித்தான். ஸ்டாண்டில் ஒருநாள் டேப் பிடித்து அளந்தேன். என் வண்டி கோணல் என்று ஊரெல்லாம் சொல்லப்போகிறான் என்று ஓட்டுநர் பதறி ஓடிவந்தார். அவரை அமைதிப்படுத்த எனக்குத் தெரிந்த பிரெஞ்சு போதவில்லை. டேப்பை அவருக்கே கொடுத்துவிட்டேன்.

2சிவிக்கும் ஒரு கதை உண்டு. சிட்ரோயன் தலைவராக இருந்த பியர் பூலான்ஜே, இரண்டு விவசாயிகளும் 50 கிலோ உருளைக்கிழங்கும் ஏறி, உழுத வயலில் போனாலும் கூடை முட்டை உடையக்கூடாது என்று கேட்டாராம். 1948-இல் பாரிஸ் கண்காட்சிக்கு வந்தது, 1990 வரை தயாரானது. அந்தனானரிவோ சந்தையில் அரிசி மூட்டை, இரண்டு பெண்கள், ஒரு கூடை சகிதம் ஒரு 2சிவி ஆடி ஆடி வந்து நின்றது. முட்டை பிழைத்ததா என்று ஆவலாகக் கூடைக்குள் எட்டிப் பார்த்தேன். உள்ளே கோழி. கொத்தியது.

சேமிப்புக் குழு வேலை நன்றாகவே நடந்தது. பணப்பெட்டிக்கு மூன்று பூட்டு, மூன்று பெண்களிடம் சாவி. மூவரும் வந்தால்தான் பெட்டி திறக்கும். எந்தச் சாவியைப் போட்டாலும் ஸ்டார்ட் ஆகிற ஹெரால்டின் சொந்தக்காரன் அவர்களுக்குப் பாதுகாப்பு பற்றிப் பாடம் எடுத்தேன். ஒருநாள் கூட்டத்தின் நடுவே வீட்டிலிருந்து வாட்ஸ்அப் அழைப்பு. ஹெரால்டை ஸ்டார்ட் செய்து, போனை சைலன்சர் பக்கம் பிடித்திருக்கிறார். கூட்டம் முழுக்கக் காது கொடுத்துக் கேட்டது. ஒரு பெண், அவர் கணவர் டாக்ஸி ஓட்டுகிறவர், மொழிபெயர்ப்பாளரிடம் ஏதோ சொன்னார். "நாலில் மூன்றுதான் வேலை செய்கிறதாம் ஐயா. பிளக்கைப் பார்க்கச் சொல்கிறார்." கோவையில் மெக்கானிக் அண்ணன் வந்து பிளக்கைக் கழற்றினார். அதேதான்.

பழக்கமான ஓட்டுநர் ஒருவரிடம் மொழிபெயர்ப்பாளர் வழியாக எங்கள் நாட்டுச் சட்டத்தைப் பெருமையோடு விளக்கினேன். 50 வயது தாண்டிய வண்டியை வின்டேஜ் என்று பதிவு செய்யலாம், 2021-இல் வந்த விதி, கட்டணம் 20,000 ரூபாய். பதிந்தபிறகு கண்காட்சி, ஊர்வலம், பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது, இவற்றுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம், தினசரி ஓட்டக்கூடாது.

"ஓட்டக்கூடாது என்பதற்குப் பணம் கட்டுகிறீர்களா?" என்று கேட்டார்.

"ஆமாம்."

அவர் சிரிக்கவில்லை. தன் வண்டியை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். எனக்கு எவ்வளவுக்குத் தருவது என்று மனதுக்குள் கணக்குப் போடுகிறார் என்பது தெரிந்தது, அதுவும் பிராங்கில். மறுநாளிலிருந்து அவருடைய மைத்துனர், பெரியப்பா மகன், மாமனார் என்று வரிசையாக ஆட்கள் துருப்பிடித்த வண்டிகளோடு என் தங்குமிட வாசலில் நிற்க ஆரம்பித்தார்கள்.

இந்தக் கதையைச் சொல்லத்தான் ஊருக்குப் போன் போட்டேன். பின்னணியில் காற்றுச் சத்தம், பெண்கள் சிரிப்பு.

"எங்கே இருக்கே?"

"மருதமலை அடிவாரத்துலங்க. பத்மினியை எடுத்துட்டு வந்தோம். பக்கத்து வீட்டு அக்கா, அவங்க நாத்தனாரு, கோடி வீட்டம்மா எல்லாம் வந்திருக்காங்க."

"வண்டியில நாலு பேரா? ஸ்பீட் பிரேக்கர்ல சைலன்சர் தட்டுமே!"

"தட்டுச்சுங்க. அடுத்த வெள்ளிக்கிழமை பேரூர் போறோம். பெட்ரோலுக்கு ஆளுக்கு நூறு ரூபா இப்பவே வாங்கிட்டேனுங்க."