கேப்டன் சொன்னா சரியாத்தானுங்க இருக்கும்

எங்கள் குடும்பத்தில் யாருக்கு வேலைக்கான நேர்காணல் வந்தாலும் முதலில் என்னிடம்தான் அனுப்பி வைப்பார்கள். நூற்பாலையில் பர்சனல் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஃபிட்டர், டைம்கீப்பர், ஸ்பின்னிங் மாஸ்டர், கேன்டீன் சமையல்காரர் என்று எத்தனையோ பேரை எதிரே உட்கார வைத்துக் கேள்வி கேட்டிருக்கிறேன். அந்தத் தகுதியை நம்பி என் அக்கா தன் மகளை அனுப்பினாள். "நாலு கேள்வி கேட்டுப் பழக்கி உடு தம்பி" என்றாள். மகள் போகவிருந்தது பைலட் வேலைக்கு. தெற்கே ஏடிஆர் விமானங்களை ஓட்டும் சின்னக் கம்பெனி ஒன்று கூப்பிட்டிருந்தது.

எனக்குத் தெரிந்த பறக்கும் பொருள் பஞ்சுத்தூசி மட்டும்தான். அக்காவிடம் அதைச் சொல்ல முடியாது.

மருமகள் அம்மிணியின் கையில் கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் இருந்தது. அதற்கு விமானத் துறையைக் கட்டி மேய்க்கும் டிஜிசிஏ கேட்பது 200 மணி நேரப் பறத்தல். எங்கள் ஐயன், அதாவது அவளுடைய அப்புச்சி, இந்த எண்ணைக் கேட்டதும் விரல் விட்டுக் கணக்குப் போட்டார். "எரநூறு மணி நேரம்னா எட்டு நாளும் சித்தெ பொழுதும். எட்டு நாளு ஓட்டிப் பழகுனதுக்கா கெணத்துக்கடவுத் தோட்டத்துல பாதி போச்சு?" கணக்கில் தவறில்லை. அம்மிணி பொறுமையாக விளக்கினாள். அதில் 100 மணி நேரம் தானே பொறுப்பேற்று ஓட்டியது, 300 நாட்டிகல் மைல் தூரம் வெளியூர் போய் வந்தது, ராத்திரியில் மட்டும் 5 மணி நேரம். பேச்சு இந்த இடத்துக்கு வந்தபோது அடுப்படியிலிருந்து என் அம்மா வெளியே வந்தாள். "ராத்திரியிலயா? ஒத்தைக்கா?" பயிற்சியின்போது மஹாராஷ்டிராவில் எப்போதோ பறந்து முடித்த அந்த 5 மணி நேரத்துக்கு அன்றைக்குத்தான் அவளுக்குத் திட்டு விழுந்தது.

லைசென்ஸ் வாங்கியதும் வேலை என்பது ஊரில் நிலவும் நம்பிக்கை. 2023ஆம் ஆண்டில் மட்டும் டிஜிசிஏ 1622 பேருக்கு இந்த லைசென்ஸைக் கொடுத்தது. அதே ஆண்டில் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும் இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஆர்டர் போட்டன. பேப்பரில் பார்த்த ஒறம்பரை எல்லாம் போன் போட்டு வாழ்த்தினார்கள். விமானங்கள் வந்து சேர வருஷக்கணக்காகும், பைலட்டுகள் ஏற்கனவே வந்து வரிசையில் நிற்கிறார்கள் என்பதை யாரும் கவனிக்கவில்லை. சூலூர்ப் பக்கம் சம்பந்தம் செய்த ஒரு பெரியப்பா, தினமும் தலைக்கு மேலே தேஜஸ் விமானங்கள் போவதைப் பார்ப்பவர், "அவியளுக்குப் பழகறதுக்குக் கவர்மெண்டே சம்பளம் குடுக்குதாமா" என்று ஒரே வாக்கியத்தில் குடும்பத்தின் பொருளாதார முடிவு முழுவதையும் கேள்விக்குள்ளாக்கினார்.

முதல் நாள் மாதிரி நேர்காணலில் பழக்க தோஷம் என்னை விடவில்லை. "இதுக்கு முன்னாடி எந்த மில்லுல இருந்தீங்க?" என்று ஆரம்பித்து, பி.எஃப். நம்பர் வரைக்கும் போய்விட்டேன். "மூணாவது ஷிப்ட் பார்ப்பீங்களா?" என்று கேட்டபோதுதான் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "மாமா, இது நெசமாவே கேக்கற கேள்வி" என்றாள். பைலட்டுகளின் வேலை நேரத்துக்கும் ஓய்வுக்கும் டிஜிசிஏ விதி வைத்திருக்கிறது. வாராந்தர ஓய்வு 36 மணி நேரமாக இருந்ததை 2025 ஜூலை முதல் 48 ஆக்கியிருக்கிறார்கள். ராத்திரி இறங்குவதற்கும் வரம்பு உண்டு. மில்லில் நான் மூன்றாவது ஷிப்டுக்கு ஆள் பிடித்த விதத்தை அவளிடம் சொல்லவில்லை.

தொழில்நுட்பக் கேள்விகளுக்கு அவளே ஒரு தடிப் புத்தகத்தைக் கையில் கொடுத்தாள். கேள்வியும் பதிலும் அதிலேயே இருந்ததால் என் கௌரவத்துக்குப் பங்கமில்லை. "கோயமுத்தூரில் ஐஎஸ்ஏ வெப்பநிலை என்ன?" என்று படித்தேன். கடல் மட்டத்தில் 15 டிகிரி, 1000 அடி ஏறினால் ஏறத்தாழ 2 டிகிரி குறையும், பீளமேடு விமான நிலையம் 1300 அடி உயரம், ஆகவே 12.4 டிகிரி என்று மூச்சுவிடாமல் சொன்னாள். சித்திரை வெயிலில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து வேர்த்துக்கொண்டிருந்தோம். "பன்னண்டா? ஊட்டிக்கே மார்கழியிலதான அது" என்றாள் என் அம்மா. இது காகிதத்தில் இருக்கும் வெப்பம், கணக்குக்காக உலகம் முழுக்க ஒத்துக்கொண்டது, நிஜமாக 35 டிகிரி என்றால் காகிதத்தைவிட 22 டிகிரிக்கும் மேல் அதிகம், அப்போது காற்று லேசாகிவிடும், விமானம் மேலே எழும்ப ஓடுபாதையில் கூடுதல் தூரம் ஓட வேண்டும் என்று அம்மிணி விளக்கினாள். அம்மா கேட்டுக்கொண்டாள். அன்று முதல் வீட்டில் வெயில் அடித்தால் "காயிதத்துல எத்தனைன்னு போட்டிருக்கு?" என்று கேட்கிறாள்.

ஓடுபாதை விஷயத்தில் மட்டும் நான் கொஞ்சம் மின்னினேன். கோவையின் ஓடுபாதைக்கு ஒரு முனையில் 05, மறுமுனையில் 23 என்று எழுதியிருக்கும். திசைகாட்டியின் பாகையில் கடைசிச் சைபரை எடுத்துவிட்டு எழுதுவது வழக்கம், 23 என்றால் 230 பாகை, அதாவது தென்மேற்கு. தென்மேற்கில் என்ன இருக்கிறது? பாலக்காட்டுக் கணவாய். மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு விழுந்த அந்த ஓட்டை வழியாகத்தான் நமக்குச் சாரலும் காற்றும் வருகின்றன. உடுமலையிலும் பல்லடத்திலும் காற்றாலைகள் சுற்றுவதும் அந்தப் புண்ணியத்தில்தான். விமானத்துக்கு எதிர்க்காற்றில் ஏறுவதும் இறங்குவதும் நல்லது என்பதால், பருவமழைக் காலத்தில் 23 முனையிலிருந்துதான் ஓட்டம் தொடங்கும். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்று சொல்லி வளர்ந்த ஊர்க்காரியிடம் எந்த கேப்டன் காற்றைப் பற்றிக் கேட்டு மடக்க முடியும் என்று நான் கேட்டேன். அவளோ காற்று கணவாயை விட்டு நேராக வராமல் சாய்ந்து குத்தினால் என்ன செய்வது என்று பக்கவாட்டுக் காற்றின் வரம்பை மனப்பாடம் செய்யப் போய்விட்டாள்.

"ஹோட்டல் மோட் என்றால் என்ன?" என்ற கேள்வி வந்த அன்று வீட்டில் எல்லோரும் விழித்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மச்சான், பைலட்டுக்குத் தங்கும் வசதி பற்றிய கேள்வி என்றே எடுத்துக்கொண்டு, ஏசி ரூம் கேட்டு வாங்கச் சொன்னார். ஏடிஆர் 72 விமானத்தில் தரையில் மின்சாரம் கொடுக்க ஜெட் விமானங்களில் இருப்பதுபோல் வாலில் தனி இன்ஜின் கிடையாது. வலப்பக்க இன்ஜினையே ஓடவிட்டு, அதன் புரொபெல்லரை மட்டும் பிரேக் போட்டு நிறுத்திவிடுவார்கள். இன்ஜின் ஓடும், விசிறி சுற்றாது, உள்ளே விளக்கும் ஏசியும் நடக்கும். அம்மிணி இதை ஆங்கிலத்தில் நீளமாகச் சொல்லித் தடுமாறினாள். ஐயன் குறுக்கே புகுந்தார். "டிராக்டரை நிறுத்திப் போட்டு, சக்கரம் உருளாம இன்ஜினை ஓட்டித் தண்ணி எறைக்கறமல்ல, அதானே?" அதேதான். புத்தகத்தில் இரண்டு பக்கம் இருந்த விஷயத்தை அவர் டிராக்டரோடு முடித்துவிட்டார். அதற்குப் பிறகு தோட்டம் விற்ற பேச்சு வீட்டில் குறைந்தது.

உடுப்பு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். திருப்பூர்ச் சித்தப்பா வெள்ளைச் சட்டை தன் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்து, அட்டைப்பெட்டி நிறைய அனுப்பினார். பிரித்துப் பார்த்தால் அத்தனையும் காலர் வைத்த பனியன். திருப்பூரில் அதுதானே விளையும்.

சான்றிதழ்க் கோப்பு ஈச்சனாரி பிள்ளையார் கோயிலுக்குப் போய்விட்டு வந்தது. லாக்புக்கில் அடித்தல் திருத்தல் கூடாது என்று அவள் கெஞ்சியதால் குங்குமம் கோப்பின் மேலட்டையோடு நின்றது.

உண்மையான சிக்கல் ஐந்தாறு கேள்விகளுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. "கேப்டன் தவறு செய்கிறார் என்று உங்களுக்குத் தோன்றினால் என்ன செய்வீர்கள்?" இதைப் படித்ததும் அம்மிணி யோசிக்காமல் சொன்னாள்: "கேப்டன் சொன்னா சரியாத்தானுங்க இருக்கும்."

மில்லில் என்றால் அந்த நிமிஷமே அப்பாயின்ட்மெண்ட் ஆர்டர் கொடுத்திருப்பேன். நான் பாராட்டியதும், விடையைச் சரிபார்க்கப் புத்தகத்தைப் புரட்டிய அவளுக்கு முகம் மாறியது. இந்த ஒரு பதிலுக்காகவே ஆளை வெளியே அனுப்பிவிடுவார்களாம். சி.ஆர்.எம். என்று ஒரு பாடமே இருக்கிறது, விமானக் குழு தங்களுக்குள் எப்படிப் பேசிக்கொள்ள வேண்டும் என்பதற்கு. 1977 மார்ச் 27 அன்று டெனரீஃப் தீவில், பனிமூட்டத்தில் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதி 583 பேர் இறந்தார்கள். ஓடத் தொடங்கிய விமானத்தின் பிளைட் இன்ஜினியருக்கு, முன்னால் ஓடுபாதையில் இன்னொரு விமானம் இருக்கிறதோ என்று சந்தேகம் வந்தது. கேட்டார். கேப்டன் இல்லையென்று அடித்துச் சொன்னார். இன்ஜினியர் அதற்கு மேல் பேசவில்லை. நம் பக்கத்திலேயே, 2010 மே மாதம் மங்களூரில், இறங்காமல் மேலே எழும்பிப் போகலாம் என்று துணை பைலட் திரும்பத் திரும்பச் சொல்லியும் கேப்டன் இறக்கினார். 158 உயிர்கள். பொறியில் கோளாறு எதுவுமில்லை. மூத்தவரிடம் எவ்வளவு அழுத்திச் சொல்வது என்பதில்தான் கோளாறு.

இதை வாசித்தபிறகு நாங்கள் சிரிக்கவில்லை. பெரியவர்கள் பேசும்போது எழுந்து நின்று, கேட்டால் மட்டும் பதில் சொல்லி, அதையும் தரையைப் பார்த்தே சொல்லும்படி அவளை வளர்த்தது நாங்கள்தான். இப்போது ஒரு கேப்டனை எதிர்த்துப் பேச ஒரே வாரத்தில் எப்படிப் பழக்குவது? நான் கேப்டனாக உட்கார்ந்தேன். "ஆடிக் காத்துதான், நான் எறக்கிக் காட்டறேன் பாரு" என்றேன். அவள் "சரிங் மாமா" என்றாள். விமானம் பலமுறை விழுந்தது.

புத்தகத்தில் இதற்கு நான்கு படிகள் சொல்லியிருந்தார்கள். முதலில் சும்மா கேட்பதுபோல் விசாரிக்க வேண்டும். கேட்கவில்லையென்றால் ஆபத்து என்னவென்று சொல்ல வேண்டும். அடுத்து நேராக மறுக்க வேண்டும். அதுவும் பலிக்காவிட்டால் கட்டுப்பாட்டைத் தானே எடுத்துக்கொள்ள வேண்டும். இதை நாங்கள் ஆளுக்கொரு விதமாக வியாக்கியானம் செய்துகொண்டிருந்தபோது, ஐயன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மொபெட்டில் தக்காளிக் கூடையோடு கிணத்துக்கடவுச் சந்தைக்குக் கிளம்பினார். மேற்கே கருத்துக்கொண்டு வந்தது.

"ஏனுங், மானம் மூடிட்டு வர்ற மாதர இருக்குதுங்ளே?" என்றாள் அம்மா.

ஐயன் கூடையை இறுக்கிக் கட்டினார்.

"போன வாரம் இப்பிடித்தான் நனைஞ்சு பாதித் தக்காளி அழுகிப் போச்சுங்."

ஐயன் ஸ்டாண்டை எடுத்தார்.

"இப்ப நீங்க போகக்கூடாதுங்."

ஐயன் சட்டைப் பையைத் தடவினார். சாவி அம்மாவின் இடுப்பில் இருந்தது. அவர் ஒன்றும் பேசாமல் வேட்டியை இறக்கிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார்.

அம்மிணி நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தாள். மரியாதை ஓர் இடத்திலும் குறையவில்லை, குரல் ஓர் அங்குலம்கூட உயரவில்லை, விமானமோ தரையிலேயே நிற்கிறது. கேப்டனாக உட்கார்ந்திருந்த நான் வேலையை ராஜினாமா செய்துவிட்டு என் நாற்காலியை அம்மாவிடம் கொடுத்தேன். அடுத்த நாட்களில் பாட்டியும் பேத்தியும் அடுப்படியில் என்ன ஒத்திகை பார்த்தார்களோ, ஒருநாள் மாலை நான் மறுபடி ஆடிக் காற்றில் இறக்கப் போனபோது, "அதுக்கில்லீங் மாமா, இப்ப நாம மேல போறோம்" என்று என் கையிலிருந்த கரண்டியை, அதாவது கட்டுப்பாட்டுக் கோலை, பிடுங்கிக்கொண்டாள்.

கிளம்புவதற்கு முதல் நாள் கடைசிக் கேள்வி மிச்சமிருந்தது. "எங்களிடம் ஏதாவது கேட்க விரும்புகிறீர்களா?" என்று அவர்கள் கேட்பார்களாம். இதற்கு வீட்டில் தட்டுப்பாடே இல்லை. மச்சான் மறுபடி ஏசி ரூமை எழுப்பினார். ஐயன் மட்டும், "கம்பெனி தாக்குப் பிடிக்குமான்னு கேளு" என்றார்.

அவர் கேட்டதில் நியாயம் உண்டு. இந்த வட்டாரத்து ஆட்களுக்கு விமானக் கம்பெனி என்றால் ஒருநாள் இருக்கும், ஒருநாள் இருக்காது. காற்றாலை விற்ற என்.இ.பி.சி. தொண்ணூறுகளில் விமானமும் விட்டது, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் போய்விட்டது. 2003இல் ஏடிஆரை வைத்துத் தொடங்கிய ஏர் டெக்கான் கிங்பிஷருக்குள் கரைந்தது, கிங்பிஷர் 2012இல் நின்றது. மதுரைக்காரர்கள் 2005இல் தொடங்கிய பாரமவுண்ட் ஐந்தாண்டு தாங்கியது. நம் கோவையையே தலைமையிடமாக வைத்து 2016 ஜூலையில் பறந்த ஏர் கார்னிவல் அடுத்த ஆண்டைத் தாண்டவில்லை. சேலம் விமான நிலையத்துக்கு 2018 மார்ச்சில் உடான் திட்டத்தில் ட்ரூஜெட் வந்தபோது ஓமலூரே திரண்டு போய்ப் பார்த்தது, அதுவும் நின்று, 2023 அக்டோபரில்தான் மறுபடி வேறு கம்பெனி விமானங்கள் வந்தன. ஸ்பின்னிங் மில் மூடினால் கட்டடமாவது நிற்கும், கல்யாண மண்டபம் ஆக்கலாம்.

"இதையெல்லாம் நேருக்கு நேரா கேக்க முடியாதுங் அப்புச்சி" என்றாள். "மொதல்ல சும்மா விசாரி" என்றாள் என் அம்மா.

நேர்காணல் முடிந்து அவள் போன் செய்தபோது ஸ்பீக்கரில் போட்டு எல்லோரும் சுற்றி உட்கார்ந்தோம். காற்றைக் கேட்டார்களாம். ஹோட்டல் மோடைக் கேட்டார்களாம், டிராக்டரைச் சொல்லலாமா என்று யோசித்து, சொல்லிவிட்டாளாம், எதிரே இருந்தவர் எழுதிக்கொண்டாராம். கேப்டன் தவறு செய்தால் என்ற கேள்விக்கு மொபெட் சாவி வரைக்கும் போயிருக்கிறாள். அடுத்த கட்டம் சிமுலேட்டர், தேதி மெயிலில் வரும்.

"நாஞ் சொன்னதைக் கேட்டியா?" என்றார் ஐயன்.

கேட்டாளாம். வருகிற ஐந்தாண்டுகளில் கம்பெனியின் திட்டம் என்னவென்று தெரிந்துகொள்ளலாமா என்று, அம்மிச்சி, அதாவது என் அம்மா, சொல்லிக்கொடுத்த பணிவோடு. நடுவில் உட்கார்ந்திருந்த நரைத்த கேப்டன் சிரித்திருக்கிறார். மூடிப்போன மூன்று கம்பெனிகளில் தான் வேலை பார்த்திருப்பதாகவும், இங்கே சேர்ந்தபோது அவரும் இதையேதான் கேட்டதாகவும், பதில் தெரிந்ததும் அவளுக்குச் சொல்லி அனுப்புவதாகவும் சொன்னாராம்.