ட்யூப்புல எத்தனை ஒட்டு?

வாங்க தம்பி. பிள்ளைக சைக்கிள்ல பள்ளிக்கூடம் போற ஆர்வத்த அளக்க வந்திருக்கீகளாக்கும். நல்ல காரியம். நம்ம திருச்சுழியில பொறந்த ரமணர் 'நான் யார்'ங்கற ஒத்தக் கேள்விய வச்சுக்கிட்டு ஆயுசு பூரா உக்காந்திருந்தாரு. உங்க தாளுல இருபது கேள்வி. குடுத்திருக்கறது பத்தே நிமிசம். பலே கெட்டிக்காரவுக.

ஒண்ணுல இருந்து அஞ்சுக்குள்ள மார்க்கு போடச் சொல்றீக. அது 1932-ல லைக்கர்ட்டுனு ஒரு அமெரிக்காக்காரர் கொண்டாந்த ஏற்பாடாம். இங்க வாத்தியாரு தலைமாட்டுல நின்னா அம்புட்டுப் பயலும் அஞ்சுதான் போடுவான். ஆடிக் காத்துல எதிர்த்து மிதிக்கறவன் ஆர்வம் என்னன்னு அவன் வாயில வர்ற வார்த்தையே சொல்லிரும். அதத்தான் உங்க தாளுல எழுத முடியாது.

சைக்கிள் ஸ்டாண்டுக்கு வாங்க. ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் சீமைக்கருவேலம் நிக்கற ஊரு இது, ஓட்டுற வண்டிய முள்ளு குத்தாம விடாது. ட்யூப்பக் கழட்டி ஒட்ட எண்ணுங்க. ஒட்டே இல்லாம மினுமினுன்னு இருந்தா, அந்த வண்டி பஸ் ஸ்டாப்பத் தாண்டியிருக்காது. அய்யா பையில ஓசி பஸ் பாஸ் இருக்கும். அவன்தான் அஞ்சு போட்டவன். ஒட்டு மேல ஒட்டுப் போட்டவ மூணு போட்டுட்டுப் பேசாம இருப்பா.

நம்ம தமிழ்நாட்டுல இலவச சைக்கிள் 2001-ல தொடங்குச்சு. பதினொண்ணாம் வகுப்பு வந்தாத்தான் கைக்கு வரும். எட்டாவது படிக்கற தங்கச்சி அக்கா கேரியர்ல வாரா. அவ ஆர்வத்துக்கு உங்ககிட்டக் கட்டமே இல்லையே? சாயங்காலம் அதே வண்டியில குடத்தக் கட்டிக்கிட்டு அவுக அப்பன் தண்ணிக்குப் போறான். அவன் ஆர்வத்த எவன் அளக்க?

பீகார்ல 2006-ல பொம்பளப் பிள்ளைகளுக்குச் சைக்கிள் குடுத்தாக. அத ஆராய்ஞ்ச கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் மனச நோண்டப் போகல. ஊருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் எம்புட்டுத் தூரம், எத்தனை பிள்ளைக சேந்திருக்காகன்னு பாத்தாக. பொம்பளப் பிள்ளைக சேர்க்கை 32 சதவீதம் கூடியிருந்துச்சு. அதுலயும் 3 கிலோமீட்டருக்கு அங்கிட்டு இருக்கற ஊர்கள்லதான் பலன் அதிகம். இங்க பக்கத்து ஊரு பரளச்சியில கேட்டா இத டீக்கடையிலயே சொல்லியிருப்பாக; என்ன, பட்டம் குடுக்க மாட்டாக.

கேட்டே தீரணும்னா, 'யாருகூடச் சேந்து மிதிச்சு வர்ற?'ன்னு மட்டும் கேளுங்க. மொதல்ல சிரிப்பான், பெறகு சங்கதி கொட்டும். வாத்தியாரு காதுல விழாமக் கேளுங்க தம்பி, அவுக பிள்ளையும் அந்தக் கூட்டத்துல இருக்கலாம்.