துடைகலை, அடிகலை: கிரீஸ் நிப்பிள் குறித்த ஓர் ஆய்வு

வைணவ ஆசாரியர் திருக்கச்சி நம்பி அவதரித்த பூந்தமல்லியில் இன்று புதிதாக இரண்டு சம்பிரதாயங்கள் நிலவுகின்றன. கிரீஸ் கன்னை மாட்டுமுன் நிப்பிளின் தலையைப் பழந்துணியால் துடைப்பவர் துடைகலையார். அப்படியே மாட்டி அடிப்பவர் அடிகலையார். சாலையோரம் வாடகைக்குக் காத்து நிற்கும் ஜேசிபிகளைச் சுற்றிவந்தால் எந்தக் கட்சிக்குக் கூட்டம் அதிகம் என்பது சொல்லாமலே விளங்கும். டாங்கி கட்டும் ஆவடி பக்கத்திலேயே இருந்தும், அங்குள்ள ஒழுங்கு இவ்வளவு தூரம் வந்து சேரவில்லை.

நிப்பிள் என்பது, மூட்டுகளில் உள்ள பின்னுக்கும் புஷ்ஷுக்கும் இடையே கிரீஸை அனுப்பும் சுண்டுவிரல் நுனியளவு இரும்புக் காம்பு. வாயில் ஒரு குட்டி பால்ரஸ், அதன் பின்னால் ஒரு ஸ்பிரிங். கன்னின் அழுத்தத்தில் பால்ரஸ் உள்வாங்கி வழிவிடும். அழுத்தம் நின்றதும் கதவைச் சாத்திக்கொள்ளும். ஆஸ்கர் செர்க் என்ற ஆஸ்திரியர் 1920-களில் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற ஏற்பாடு. தானாக உள்ளே போக முடியாத மண்ணை, அடிகலையார் கிரீஸோடு சேர்த்துத் தம் கையாலேயே அனுப்பிவைக்கிறார். உள்ளே அது உப்புத்தாள் வேலையைத் தொடங்குகிறது. கேட்டால், "பழசு வெளிய வருதில்ல சார், மண்ணும் அதோட வந்துடும்" என்கிறார். தத்துவ அளவில் மறுக்க முடியாத வாதம்தான். பக்கெட் பின் மட்டும் ஒப்புக்கொள்வதில்லை.

கிரீஸுக்கும் இலக்கணம் உண்டு. 25 டிகிரி வெப்பத்தில், 5 விநாடியில், அளவுக் கூம்பு 26.5 முதல் 29.5 மில்லிமீட்டர் வரை இறங்கினால் அது இரண்டாம் நம்பர் கிரீஸ். இந்த 25 டிகிரி பூந்தமல்லியில் மார்கழி விடியற்காலையில் மட்டும் கிடைக்கும்.

இனி நம் ஆய்வின் முதன்மைக் கண்டுபிடிப்பான குனிவு விதி: முதுகு எவ்வளவு வளைய வேண்டுமோ, அவ்வளவுக்கு கிரீஸ் குறையும். பத்து மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை பின்களுக்கு கிரீஸ் அடிக்க வேண்டும் என்பது சாஸ்திரம். கண்ணெதிரே இருக்கும் பக்கெட் நிப்பிளுக்குத் தினமும் அபிஷேகம். மண்ணில் மல்லாந்து படுத்தால்தான் எட்டும் முன் ஆக்சில் நடுப்பின்னுக்கு ஆயுதபூஜைக்கு ஆயுதபூஜை. ஓனரும் நின்றபடியே பார்ப்பவர்; கிரீஸ் வெளியே வழிந்திருந்தால் அவருக்குத் திருப்தி. அடைபட்ட நிப்பிளில் அடித்தாலும் ஓரமாகப் பிதுங்கி இதே மாதிரிதான் வழியும். புஷ் ஓரத்தில் கறுப்பாகப் பழசு வந்து, பிறகு புதுசு தலைகாட்டுகிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். மறுபடியும் குனிவு!

விளைவு, அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு வருமானம். பின் மாட்டும் ஓட்டை முட்டை வடிவமாகி, பூம் ஆட்டம் காண, வண்டி லேத் வாசலில் வந்து நிற்கும். வெல்டிங் வைத்து ஓட்டையை நிரப்பி, போர் அடித்து, புது புஷ் ஏற்றும்வரை வாடகையும் கிடையாது. லேத்காரர் பழைய பின்னைக் கையில் உருட்டிப் பார்த்து, "யாருப்பா கிரீஸ் அடிக்கிறது?" என்பார். ஹெல்பர் ஆபரேட்டரைப் பார்ப்பான். ஆபரேட்டர் ஓனரைப் பார்ப்பார். ஓனருக்கு அந்நேரம் பார்த்து போன் வரும்.