சாதுவான கேம் யாருக்கு வேண்டும்?

அமெரிக்காவில் 1990-ஆம் வருட செவர்லே பிக்கப் வைத்திருப்பவருக்கு, தேய்ந்த கேம்ஷாஃப்டை மாற்றும்போதுதான் பந்தய ஆசை பிறக்கும். வண்டி இழுப்பதென்னவோ வைக்கோல் டிரெய்லர். அவர் கேட்பது 6000 சுற்றில் சீறும் கேம். அந்த 5.7 லிட்டர் டிபிஐ (த்ராட்டில் பாடி இன்ஜெக்‌ஷன்) இன்ஜினின் கம்ப்யூட்டரோ பழைய கணக்குப்பிள்ளை. மேனிஃபோல்டு அழுத்தத்தைப் பார்த்துத்தான் பெட்ரோல் அளக்கும். பெரிய கேம் போட்டால் ஐடிலில் வேக்குவம் குறையும். வண்டி மேடேறுகிறது என்று கம்ப்யூட்டர் நம்பி, நின்ற இடத்திலேயே பெட்ரோலை வாரி இறைக்கும். சிக்னலில் வண்டி குலுங்குவதற்குச் சொந்தக்காரர் வைத்த பெயர் கம்பீரம். பிரேக் பூஸ்டரும் அதே வேக்குவத்தை நம்பித்தான் இருக்கிறது என்பதை அவரிடம் யார் சொல்வது? எந்தக் கேம் போட்டாலும் லிஃப்டர்களையும் புதிதாகப் போடுங்கள். பழையவை புது கேமின் லோபைத் தின்றுவிடும்.