நாய் வளர்க்க வீட்டாரைப் பழக்குவது எப்படி?

நாய் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டாய். நல்லது. முதல் வேலை, அதை வீட்டில் யாரிடமும் சொல்லாமல் இருப்பது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் புத்தகப் பையைத் திண்ணையில் எறிந்துவிட்டு, "எனக்கு நாய்க்குட்டி வேணும்" என்று கத்திய பிள்ளைகள் சங்கராபுரத்தில் ஏராளம். அவர்களில் நாய் வாங்கியவர்களைவிட முதுகில் ரெண்டு வாங்கியவர்களே அதிகம்.

இந்தக் கையேடு எட்டு வயதிலிருந்து பதின்மூன்று வயது வரை உள்ளவர்களுக்கு. பெரியவர்கள் பக்கத்தைத் திருப்பிவிடலாம்.

நாயைப் பழக்குவது சுலபம். பிஸ்கட் துண்டும் ஒரு வாரப் பொறுமையும் இருந்தால் உட்கார் என்றதும் உட்காரும். அப்பா அப்படி உட்கார மாட்டார். ஆகவே யாரை எந்த வரிசையில் பழக்குவது என்று முதலில் தெரிந்துகொள். முதலில் ஆயா, பிறகு அம்மா, அப்புறம் அப்பா. நாய் கடைசி. நேராக அப்பாவிடம் போகிறவன், "உங்கம்மாவைக் கேளு" என்ற பதிலோடு திரும்புவான். அம்மா, "உங்காயா ஒத்துக்குவாங்களா, போய்க் கேளு" என்பார். ஆயா சாமி கும்பிட்டுக்கொண்டிருப்பார்.

ஆயாவின் கட்சி ஒன்றுதான்: "நாய் வூட்டுக்குள்ள நுழைஞ்சா தீட்டு." இதற்கு எதிர்வாதம் செய்யாதே. பைரவருக்கு வாகனம் என்ன என்று சந்தேகம் கேள், அவ்வளவுதான். பதிலை அவர் வாயாலேயே சொல்லட்டும். ஆயா பௌர்ணமிக்குப் பௌர்ணமி திருவண்ணாமலை கிரிவலம் போகிறவர் என்றால் பாதி வேலை முடிந்தது. வழியில் ரமணாசிரமம் வரும். அங்கே ஜாக்கி என்ற நாய்க்குச் சமாதி இருக்கிறது. 1948இல் இறந்த லட்சுமிப் பசுவின் சமாதிக்குப் பக்கத்திலேயே, ஒரு மானுக்கும் காக்கைக்கும் கட்டிய சமாதிகளோடு சேர்ந்து. ரமணர் ஆசிரமத்து நாய்களை அவன், அவள் என்றுதான் சொல்வார். பசங்களுக்குச் சாப்பாடு போட்டாயிற்றா என்று விசாரித்தால் அது அந்த நாய்களைப் பற்றிய விசாரணை. இதையெல்லாம் ஆயாவிடம் சொல்லும்போது முகத்தைப் பக்தியாக வைத்துக்கொள். சிரித்தாயோ, கெட்டது.

அம்மாவின் கேள்வி தீட்டைவிடக் கஷ்டமானது. "யார் பாத்துக்குறது?" இதற்குத் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் எல்லாரும் சொல்லும் பதில், "நான் பாத்துக்குறேன்." திருவிழாவில் வாங்கிய கலர் கோழிக்குஞ்சுக்கும் இதையேதான் சொன்னாய். பாட்டிலில் விட்ட மீனுக்கும் சொன்னாய். அம்மாவுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. ஆகவே வாயால் சொல்லாதே. ஒரு மாதம் காலை ஐந்தரைக்கு எழுந்து, வெறும் சங்கிலியைக் கையில் பிடித்துக்கொண்டு தெருக்கோடி வரை நடந்துவிட்டு வா. பால் வாங்கப் போகிறவர்கள் பார்ப்பார்கள். "எங்கப்பா நாயைக் காணோம்?" என்பார்கள். "வரும்" என்று சொல்லிவிட்டு நட. வந்ததும் வாசலைக் கூட்டு. மழை நாளிலும் போ. பத்தாவது நாளே நீ நிறுத்திவிட்டால் அம்மா ஒன்றும் பேச மாட்டார். நீயும் பேசாதே. விஷயம் தீர்ந்தது.

மாதம் முழுக்க நடந்துவிட்டாயா? அப்பாவிடம் போகலாம்.

அப்பாக்கள் இரண்டு கட்டமாக மாறுவார்கள். முதல் கட்டத்தில், "சரி, வாங்கிக்க. கொல்லையில மோட்டார் கொட்டாய்ல கட்டிப் போட்டுடலாம்" என்பார். இது சம்மதம் மாதிரி இருக்கும், ஏமாந்துவிடாதே. கரும்புக்கும் மரவள்ளிக்கும் நடுவே, கரண்டு வரும் நேரத்தில் மட்டும் மனித முகம் பார்த்துக்கொண்டு, ஒரு முழக் கயிற்றில் கிடக்கும் நாய் உன்னுடையதும் இல்லை, அப்பாவுடையதும் இல்லை. சட்டமும் உன் பக்கம்தான். குட்டைச் சங்கிலியில் நாள் முழுக்கக் கட்டிப் போடுவது 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். பதினொன்றாம் பிரிவு. பிரிவு எண்ணை மட்டும் அப்பாவிடம் சொல்லாதே, படிப்பில் இந்த ஞாபகசக்தி எங்கே போயிற்று என்று பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும்.

இரண்டாவது கட்டம் இன்னும் ஆபத்து. அப்பாவுக்கே ஆசை வந்துவிடும். லாப்ரடார், ராட்வீலர் என்று போனில் படம் பார்க்க ஆரம்பிப்பார். சேலத்தில் யாரோ பதினைந்தாயிரத்துக்குத் தருகிறாராம் என்பார். அப்போது நீ இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். ஒன்று, நம் ராஜபாளையம் நாய்க்கு 2005இலேயே இந்திய அரசு தபால்தலை வெளியிட்டிருக்கிறது. நாட்டு ரத்தம் கேவலம் இல்லை. இன்னொன்று, காப்பகத்து நாய்க்கு யாரும் பதினைந்தாயிரம் கேட்பதில்லை. முதல் விஷயத்தை மரியாதையோடு கேட்டுக்கொள்வார். இரண்டாவதுதான் வேலை செய்யும்.

சென்னை ப்ளூ கிராஸ் எப்படித் தொடங்கியது என்ற கதையை மட்டும் அவரிடம் சொல்லிவிடாதே. 1959இல் கேப்டன் சுந்தரம் என்ற விமானி மழை வெள்ளத்தில் தத்தளித்த இரண்டு நாய்க்குட்டிகளை வீட்டுக்குத் தூக்கிவந்தார். அந்த இரண்டு குட்டி, நாட்டின் பெரிய விலங்கு நல அமைப்புகளில் ஒன்றாக வளர்ந்து நிற்கிறது. அப்பா இரண்டை ஆயிரத்தால் பெருக்கிப் பார்த்துவிட்டு எழுந்து போய்விடுவார்.

நம்மூர்க்காரர்களுக்குக் கைக்கெட்டும் காப்பகம் திருவண்ணாமலையில் இருக்கிறது: அருணாசலா விலங்குகள் சரணாலயம். மூங்கில்துறைப்பட்டு வழியாகத் தென்பெண்ணையைத் தாண்டிப் போக வேண்டும். கிளம்பும் முன் போன் செய்துவிடு. போனதும் அங்கே ஓர் அவமானம் காத்திருக்கிறது. பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவர் பெயரில் எந்தக் காப்பகமும் நாய் தராது. கையெழுத்து அம்மாவோ அப்பாவோதான் போட வேண்டும். ஒரு மாதம் வெறும் சங்கிலியோடு நடந்தவன் நீ, தத்தெடுத்தவர் அவர்கள். உலகம் இப்படித்தான், பழகிக்கொள்.

காப்பகங்கள் கேட்கும் கேள்விகள் சம்பந்தம் பேச வந்தவர்கள் கேட்பதைவிட நறுக்கென்று இருக்கும். சொந்த வீடா, வாடகையா? வாடகை என்றால் வீட்டுக்காரருக்குத் தெரியுமா? ஊருக்குப் போனால் யார் சோறு வைப்பது? கருத்தடை செய்யச் சம்மதமா? திடீரென்று வந்து பார்த்தால் முகம் சுளிக்க மாட்டீர்களே? வீட்டில் யாருக்காவது பிடிக்கவில்லையா? கடைசிக் கேள்விக்கு எல்லாரும் ஆயாவைத் திரும்பிப் பார்ப்பீர்கள். அப்போது அவர் வாயில் பைரவர் வர வேண்டும். வராவிட்டால் அந்தப் பத்தியை மறுபடி படி.

இனி தேர்வு. உன் கை தானாகக் குட்டி பக்கம் போகும். எல்லார் கையும் அங்கேதான் போகிறது. குட்டிக்கு இருபத்தெட்டுப் பால் பற்கள். நான்கு மாதத்திலிருந்து அவை விழுந்து நாற்பத்திரண்டு பற்கள் முளைத்து முடியும்வரை ஈறு குறுகுறுக்கும், அப்பாவின் செருப்பு, உன் கணக்கு நோட்டு, ஆயாவின் வெற்றிலைப் பை என்று வரிசையாகப் போகும். கணக்கு நோட்டு விஷயத்தில் உனக்கு ஆட்சேபம் இல்லை, தெரியும். ஆனாலும் மூலையில் படுத்திருக்கும் மூன்று, நான்கு வயது நாயை ஒரு தடவை பார். கறுப்பாக இருக்கும், லேசாக நொண்டும், காதில் சின்ன வெட்டு இருக்கும். அந்த வெட்டு அழகுக் குறைவு இல்லை, கருத்தடை செய்து தடுப்பூசி போட்டதற்கான அடையாளம். அதன் குணம் என்ன, குழந்தைகளைக் கண்டால் வால் ஆடுமா, பூனையைக் கண்டால் என்ன செய்யும் என்று காப்பகத்தார் இப்போதே சொல்லிவிடுவார்கள். குட்டியைப் பற்றி யாராலும் சொல்ல முடியாது. என்னைக் கேட்டால் வளர்ந்த நாயைத்தான் எடுப்பேன். நீ கேட்க மாட்டாய்.

திரும்பி வர பஸ் சரிப்படாது. கண்டக்டரோடு மல்லுக்கட்டுவதைவிடத் தெரிந்தவர் வண்டி ஏதாவது கிடைத்தால் நல்லது. குட்டியானையில் நாய் ஏறி வந்தது என்று தெருவில் ஒரு வாரம் சொல்லிச் சிரிப்பார்கள்.

வந்த முதல் சில நாள் அது கட்டிலுக்கு அடியிலேயே இருக்கும், சாப்பிடாது. தெருப் பிள்ளைகளைக் கூட்டிவந்து கண்காட்சி நடத்தாதே. நீ எழுதிய நாய்க் கட்டுரையில் அது நன்றியுள்ள பிராணி, வீட்டைக் காக்கும், நான்கு கால் உண்டு என்றெல்லாம் இருக்கும். கூடத்தில் மூத்திரம் போகும் என்று எந்த ஆசிரியரும் எழுதவைத்ததில்லை. துடைப்பது உன் வேலை. சோறு, முட்டை, எலும்பு நீக்கிய வெந்த கோழி போதும். வெங்காயம் போட்ட குழம்பு வேண்டாம். சாக்லேட் விஷம். பாயசத்தில் மிதக்கும் திராட்சையும் விஷம், ஆயா பாசத்தில் ஊட்டிவிடாமல் பார்த்துக்கொள். குட்டி என்றால் மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு வருஷா வருஷம். கால்நடை மருந்தகத்தில் மாடுகளுக்கும் ஆடுகளுக்கும் நடுவே வரிசையில் நிற்க வெட்கப்படாதே.

இந்தப் பத்தியில் கேலி கிடையாது. நாய் உன்னைக் கடித்தாலோ, பல் பட்டுக் கீறினாலோ, மறைக்காதே. நாயைத் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயந்து மறைப்பதுதான் பிள்ளைகள் செய்யும் பெரிய தப்பு. உடனே குழாயைத் திறந்துவிட்டு, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு பதினைந்து நிமிடம் கழுவு. மிளகாய்த் தூள், காபித் தூள், சுண்ணாம்பு எதையும் வைக்க விடாதே. அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போ. ஊசி இலவசம். முதல் நாளோடு நிற்காமல், எழுதிக்கொடுக்கும் தேதிகளில் எல்லாம் போய்ப் போட்டு முடிக்க வேண்டும். வெறிநோய் வந்துவிட்டால் மருந்து இல்லை. வீட்டு நாய்தானே என்று விடாதே, தெருவில் யார் யாரோடு சண்டை போட்டதோ உனக்குத் தெரியாது.

கடைசியாக ஒரு கணக்கு. நாய் பத்து, பன்னிரண்டு வருஷம் இருக்கும், நன்றாகப் பார்த்துக்கொண்டால் அதற்கு மேலும். பத்து வயதில் நீ ஒரு குட்டியை எடுத்தால், ப்ளஸ் டூ முடிக்கும்போது அதற்கு எட்டு வயது. நீ சென்னைக்கோ கோயம்புத்தூருக்கோ ஹாஸ்டலுக்குப் போய்விடுவாய். அதற்கு ஹாஸ்டலில் இடம் கிடையாது. அப்புறம் சோறு வைப்பது, மூட்டு வலிக்கு மருந்து கொடுப்பது, தீபாவளி வெடிக்குப் பயந்து நடுங்கும்போது பக்கத்தில் உட்காருவது எல்லாம் அம்மா. காப்பகத்தில் கையெழுத்தை அவரிடம் வாங்கினார்களே, அது இதற்காகத்தான். தெருநாய்களைத் தத்தெடுக்க ஆசைப்படுகிறவர்கள் உள்ளாட்சியிடம் விண்ணப்பிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22இல் சொன்னபோதும் நிபந்தனை இதுதான்: எடுத்த நாய் திரும்பவும் தெருவுக்கு வரக் கூடாது.

ஆகவே அம்மா, "வேண்டாம்" என்று யோசித்துச் சொன்னால் ஒப்புக்கொள். அடுத்த கிரிவலத்துக்கு ஆயாவோடு போகும்போது வீட்டில் இருக்கும் பழைய போர்வை, கிழிந்த துண்டு, செய்தித்தாள் கட்டு எல்லாவற்றையும் மூட்டை கட்டிக் காப்பகத்தில் கொடுத்துவிட்டு வா. எல்லாக் காப்பகத்துக்கும் இவை எப்போதும் தேவை. இதைக் கொடுக்கப் பதினெட்டு வயது ஆகியிருக்க வேண்டியதில்லை.